பாட்டரிக்கு மின்னேற்றும் சுற்று

விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களில் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நமக்கு ஒரு காட்சி பழகிப்போய்விட்டது. உர மூட்டைகளுக்கும் பழைய பதிவேடுகளுக்கும் நடுவே, பயனற்றுப்போன பாட்டரிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். நெசவாளர் சங்கமாயின் அவை அவசர விளக்குகளில் இருந்த 6 வோல்ட்டுப் பாட்டரிகள். உழவர் சங்கமாயின் மருந்து தெளிப்பான்களில் இருந்த 12 வோல்ட்டுப் பாட்டரிகள். "சரக்கு மட்டம்" என்று கடைக்காரரைக் குறை கூறிவிட்டுப் புதிது வாங்குவது வழக்கம். சரக்கு மட்டமாயிருப்பதும் உண்டு. ஆயினும் நாம் கண்ட அளவில், தானே கெட்ட பாட்டரிகளைவிட, மின்னேற்றும் பெட்டியால் கெடுக்கப்பட்டவையே மிகுதி. ஆதலின் அப்பெட்டிக்குள் இருக்க வேண்டிய சுற்று எத்தகையது, அதை எவ்வாறு கணக்கிட்டு அமைப்பது என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி நமக்குப் பெருமை தருவதன்று. திண்டிவனத்துக்கு அருகில் ஒரு சங்கம், அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக ஆறு பாட்டரித் தெளிப்பான்களை வைத்திருந்தது. கணக்கைப் பார்த்தபோது, ஆறு பாட்டரிகளும் ஒரே பருவத்தில் மாற்றப்பட்டிருந்தன. அடுத்த பருவத்தில் மறுபடியும் ஆறு. ஆறும் ஒருசேரக் கெடுவது நம்பத்தக்கதன்று என்றும், காரியதரிசி விளக்கம் தர வேண்டும் என்றும் நாம் குறிப்பு எழுதிவிட்டோம். காரியதரிசி வயதானவர், முப்பது ஆண்டுக்கு மேல் சங்கத்தில் உழைத்தவர். அவர் சினம் கொள்ளவில்லை. உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்து நம் மேசைமேல் வைத்தார். "ஐயா, இதிலேதான் ராத்திரி பூரா போட்டு வைக்கிறோம். காலையிலே பாட்டரியைத் தொட முடியலே, அவ்வளவு சூடு" என்றார்.

தெளிப்பான்களோடு வந்த சார்ஜர்கள் ஒவ்வொன்றாகப் பழுதானபின், குறைந்த விலைக்கு வாங்கிய பெட்டி அது. மேலே 12 வோல்ட்டு என்று எழுதியிருந்தது. ரேடியோ பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒரு மீட்டரை இரவல் வாங்கி அளந்தோம். சுமையின்றி 17 வோல்ட்டு காட்டிற்று. கல்லூரியில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவர் நாம். குறிப்பை எழுதுமுன் செய்திருக்க வேண்டிய சோதனையை எழுதியபின் செய்தோம். குறிப்பை நீக்கிவிட்டோம் என்பது உண்மையே. ஆனால் அந்த ஒரு மணி நேரம் பஞ்சாயத்தார் முன்னிலையில் அவர் தலைகுனிந்து நின்றதை நம்மால் நீக்க முடியவில்லை.

12 என்று எழுதிய பெட்டி 17 காட்டுவது எப்படி? முதலில் பாட்டரியின் இயல்பை அறிதல் வேண்டும். காரீயப் பாட்டரி 1859-இல் பிரான்சு நாட்டு கஸ்தோன் பிளாந்தே என்பவர் கண்டது. காரீயத் தகடு, காரீய டையாக்சைடுத் தகடு, நீர் கலந்த கந்தக அமிலம் ஆகிய இவையே இன்றளவும் அதன் உள்ளுறுப்புகள். ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ட்டு தரும். ஆறு அறைகளைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட்டுப் பாட்டரி. மின்சாரத்தை எடுக்கும்போது இருவகைத் தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் கரைந்து பழைய நிலை உண்டாகிறது.

நம் ஊர் ஏரியை எண்ணிப் பார்த்தால் மற்றது விளங்கும். வரத்துக்காலில் வரும் நீரின் வேகத்தை மின்னோட்டம் என்று கொள்வோம். ஏரியில் நிற்கும் நீரின் மட்டத்தை மின்னழுத்தம் என்று கொள்வோம். ஏரி நிறைந்தபின் வரும் வெள்ளத்தைக் கலங்கல் வெளியேற்றிவிடும், கரைக்குத் தீங்கில்லை. மூடப்பட்ட பாட்டரிக்கும் ஒரு சிறு கலங்கல் உண்டு. மிகுந்த வாயு சேர்ந்தால் திறக்கும் ரப்பர் அடைப்பு அது. ஆனால் அதன் வழியே வெளியேறுவது மிகுதியான நீர் அன்று, பாட்டரியின் சொந்த நீர். நிறைந்தபின்னும் செலுத்தப்படும் மின்சாரம் உள்ளிருக்கும் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. மெல்லச் செலுத்தினால் ஆக்சிஜன் உள்ளேயே மீண்டும் நீராகிவிடும். வேகமாகச் செலுத்தினால் வாயு வெளியேறும், பாட்டரி சூடேறும், உள்ளே வறண்டுபோகும். மூடிய பாட்டரியில் நீர் ஊற்ற வழியில்லை. ஆறு பாட்டரிகளும் ஒரே பெட்டியில் வறண்டவை. அதனாலேயே ஒரே பருவத்தில் மாண்டன.

இனிப் பெட்டியின் குற்றத்தைப் பார்ப்போம். அதனுள் ஒரு டிரான்ஸ்பார்மரும் நான்கு டையோடுகளும் மட்டுமே இருந்தன. மாறுமின்சாரத்தில் 12 வோல்ட்டு என்று சொல்வது சராசரி போன்ற ஓர் அளவு. அதன் உச்சம் 1.414 மடங்கு, அதாவது ஏறக்குறைய 17 வோல்ட்டு. டையோடுகளில் ஒன்றரை வோல்ட்டு குறைந்தால் 15½ நிற்கும். சிறிய டிரான்ஸ்பார்மர்கள் சுமை குறைந்தபோது எழுதிய அளவைவிட மிகுதியாகவே தரும். ஊரடங்கியபின் லைனில் 230-க்குப் பதில் 250 வோல்ட்டு வந்தால் இன்னும் ஏறும். பகலில் பாட்டரி பாதி காலியாக இருக்கும்போது இப்பெட்டி நல்லதுபோலவே வேலை செய்யும். நள்ளிரவுக்குப் பின், பாட்டரி நிறைந்து, லைனும் உயர்ந்து, காவலுக்கு ஆளுமின்றி இருக்கும் வேளையில்தான் அது பாட்டரியைக் கொல்லும்.

ஆகவே நல்ல மின்னேற்றுச் சுற்றுக்கு இரண்டு வரம்புகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பாட்டரி காலியாக இருக்கும்போது எவ்வளவு ஆம்பியருக்கு மேல் செலுத்தக்கூடாது என்பது. மற்றொன்று, நிறையும்போது எவ்வளவு வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது. முதலில் மின்னோட்டம் நிலையாக நிற்கும், அழுத்தம் மெல்ல ஏறும். வரம்பை எட்டியபின் அழுத்தம் நிலையாக நிற்கும், ஓட்டம் தானே குறைந்துகொண்டே போகும்.

தெளிப்பான்களில் பெரும்பாலும் உள்ள 12 வோல்ட்டு, 8 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்குக் கணக்கிடுவோம். ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு ஓட்டம் என்பது அடக்கமான அளவு, இங்கு 0.8 ஆம்பியர். அழுத்த வரம்பில் இரண்டு வழிகள் உண்டு. நாள்தோறும் எடுத்து நாள்தோறும் ஏற்றும் பாட்டரிக்கு 25 பாகை வெப்பத்தில் 14.4 வோல்ட்டுக்கு மேல் வைப்பார்கள். விரைவில் நிறையும், ஆனால் நிறைந்தவுடன் கழற்றிவிட வேண்டும். எந்நேரமும் இணைத்தே வைக்கும் பாட்டரிக்கு 13.5 முதல் 13.8 வரை வைப்பார்கள். மெல்ல நிறையும், கழற்ற மறந்தாலும் கெடாது. பொதுப் பொருளுக்கு நாம் இரண்டாவதையே பரிந்துரைக்கிறோம். தன் வீட்டுப் பாட்டரியைக் கழற்ற மறவாதவர்கூட, சங்கத்துப் பாட்டரியை இன்னொருவர் கழற்றுவார் என்று போய்விடுவார். சங்கத்தின் சுற்று மறதிக்காரரை மனத்திற்கொண்டே அமைக்கப்பட வேண்டும்.

வெப்பமும் கணக்கில் சேரும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 12 வோல்ட்டுப் பாட்டரியின் வரம்பை ஏறக்குறைய 20 மில்லிவோல்ட்டு குறைக்க வேண்டும். கத்திரி வெயிலில் 40 பாகையைத் தொடும் நம் பகுதியில் 13.8 என்பது 13.5 ஆகிவிடுகிறது. தகரக் கூரையின் கீழே மின்னேற்றும் சங்கங்கள் கோடை மாதங்களுக்கு இதைக் கட்டாயம் கருதவேண்டும். அதனினும் எளிது, பாட்டரியை ஓட்டுக் கட்டடத்துக்கு மாற்றுவது.

சுற்றுக்கு எல்.எம்.317 என்னும் மூன்று கால் சில்லு இரண்டு போதும். பல்லாண்டுகளாக எந்த ரேடியோக் கடையிலும் கிடைப்பது; கெட்டால் உள்ளூரிலேயே மாற்றலாம். இதைவிடச் சிக்கனமாக மின்சாரத்தைச் செலவிடும் சுவிட்சிங் வகைத் தகடுகள் இன்று மலிவாக வருகின்றன. தக்க தகடு கிடைத்தால் வாங்கலாம். ஆனால் அதன் வரம்புகளை மீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. கற்பதற்கு ஏற்றது பழைய முறையே.

எல்.எம்.317 சில்லு தன் வெளிவரும் காலுக்கும் திருத்தும் காலுக்கும் இடையே எப்பொழுதும் 1.25 வோல்ட்டைக் காத்துக்கொள்ளும். அவ்விரு கால்களுக்கிடையே ஒரு மின்தடையை வைத்து, தடையின் மறுமுனையிலிருந்து ஓட்டத்தை எடுத்தால், 1.25-ஐத் தடையின் ஓமால் வகுத்து வரும் ஆம்பியருக்கு மேல் அது விடாது. 1.5 ஓம் வைத்தால் 0.83 ஆம்பியர். அத்தடையில் ஒரு வாட்டுக்குச் சற்று மேல் வெப்பம் பிறப்பதால், 5 வாட்டுத் தடையையே போடுக. இது முதற் சில்லு, வரத்துக்காலின் மதகு.

இரண்டாம் சில்லு மட்டத்தைக் காப்பது. வெளிவரும் காலுக்கும் திருத்தும் காலுக்கும் இடையே 240 ஓம். திருத்தும் காலுக்கும் எதிர்முனைக்கும் இடையே 2.2 கிலோ ஓமும், அதனோடு தொடராக 500 ஓம் திருகுதடையும். வெளிவரும் அழுத்தம், இரண்டாம் தடையை முதல் தடையால் வகுத்து, ஒன்று கூட்டி, 1.25-ஆல் பெருக்கினால் வரும். பாட்டரிக்கு 13.8 வேண்டும், நடுவே ஒரு டையோடு இருப்பதால் அதற்கு 0.6 சேர்த்து 14.4. கணக்கின்படி இரண்டாம் தடை ஏறக்குறைய 2,525 ஓம். திருகுதடையின் எல்லைக்குள் அடங்குகிறது. அந்த டையோடு, 1என்5408 போன்ற 3 ஆம்பியர் வகை, மிகவும் இன்றியமையாதது. மின்சாரம் நின்றபோது பாட்டரி பின்னோக்கிச் சுற்றுக்குள் வடியாமல் தடுப்பது அதுவே.

முன்புறத்தில் என்ன வேண்டும் என்பதை இப்போது பின்னிருந்து எண்ணலாம். இரண்டாம் சில்லின் வெளியே 14.4, ஒவ்வொரு சில்லும் தன் வேலைக்கு 2 வோல்ட்டு வீதம் 4, ஓட்டத்தடையில் 1.25, ஆகக் கிட்டத்தட்ட 19.7 வோல்ட்டு எப்போதும் இருக்க வேண்டும். 18 வோல்ட்டு, 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரின் உச்சம் 25.4, டையோடுகள் போக 23½. கண்டென்சர் 4,700 மைக்ரோபாரடாயின் அலைவு 2 வோல்ட்டுக்குள் நிற்கும். ஆகவே குறைந்தபட்சம் 21½ கிடைக்கும். கண்டென்சரின் தாங்கு அழுத்தம் 50 வோல்ட்டாக இருக்கட்டும். 25 வோல்ட்டு வகையைப் போட்டு வெடிக்கவிட்டவர்களை நாம் அறிவோம். லைனில் 190 வோல்ட்டுதான் வருகிறதென்றால் இச்சுற்று மெதுவாக ஏற்றும், அவ்வளவே, கெடுக்காது.

முதற் சில்லில்தான் மிகுந்த வெப்பம் பிறக்கும். காலியான பாட்டரியில் 11 வோல்ட்டு இருக்கும்போது, மிஞ்சும் ஏழு வோல்ட்டையும் அதுவே தாங்கும், 0.83-ஆல் பெருக்கினால் 6 வாட்டு. உள்ளங்கை அகல அலுமினியத் தகடு ஒன்றில் அதைத் திருகிவைக்க வேண்டும். சில்லின் முதுகு உலோகம் வெளிவரும் காலோடு இணைந்தது. இரண்டு சில்லுகளையும் ஒரே தகட்டில் திருகினால் நடுவே மைக்காத் துண்டும், திருகுக்குப் பிளாஸ்டிக் வளையமும் வைக்க மறவற்க. லைன் பக்கம் அரை ஆம்பியர் ப்யூஸ், பாட்டரிப் பக்கம் 2 ஆம்பியர் ப்யூஸ். பாட்டரியின் இரு முனைகளும் மாறிப் பொருந்த இயலாத செருகியையே பயன்படுத்துக. லைன் பக்க இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய்விப்பதே முறை.

திருத்தும் முறை: பாட்டரியை இணைக்காமல், டையோடுக்குப் பின்னால் 1 கிலோ ஓம் தடையைச் சுமையாக வைத்து, மீட்டரில் 13.8 வரும்வரை திருகுதடையைத் திருப்புக. சுமையின்றி அளந்தால் டையோடு பொய்க்கணக்கு காட்டும். திருத்தியபின் திருகின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு இட்டுவிட்டால், வருவோர் போவோர் திருப்பிப் பார்க்கும் ஆசை தீரும்.

இச்சுற்றில் முழுதும் காலியான பாட்டரி நிறைய 14 முதல் 16 மணி நேரம் ஆகும். இது ஒரு குறையே. நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு இறங்கிவிட்டால், அல்லது டிக்கா இலைப்புள்ளி பரவத் தொடங்கினால், ஒரு நாள் தாமதமும் காய்ப்பிடிப்பைத் தின்றுவிடும் என்பது திண்டிவனத்தாருக்கு நாம் சொல்லி அறிய வேண்டியதன்று. நிலக்கடலை ரகப் பெயர்களில் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துகளே அவ்வூரைக் குறிப்பன அல்லவா? தெளிப்பானுக்கு ஒன்று உபரியாகப் பாட்டரி வைத்து, ஒன்று வயலில் இருக்க மற்றொன்று ஏறட்டும். புது பாட்டரிகளை ஆண்டுதோறும் வாங்கிக் குவிப்பதைக் காட்டிலும் அது மலிவு.

நெசவாளர்களுக்கு இதே சுற்றைச் சிறிதாக்கலாம். 2024 நவம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில், மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டிற்று. நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. சிறுவந்தாடு போன்ற பட்டுத் தறி ஊர்களில், குழித்தறியில் அமர்ந்து அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பவருக்கு விளக்கின்றி வேலை ஏது? 6 வோல்ட்டு, 4.5 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு ஓட்டத்தடை 2.7 ஓம், ஓட்டம் 0.46 ஆம்பியர். மட்டம் 6.9 வோல்ட்டு; அதற்கு 2.2 கிலோ ஓமுக்குப் பதிலாக 1 கிலோ ஓம். டிரான்ஸ்பார்மர் 12 வோல்ட்டு, 1 ஆம்பியர். கண்டென்சர் 2,200 மைக்ரோபாரடு. மின்னேற்றும் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். பீடியும் காமாட்சி விளக்கும் அருகில் வேண்டா.

இனி லித்தியம் பாட்டரி பற்றி. புதிதாக வரும் தெளிப்பான்களில் இதுவே மிகுதியாகிறது. எடை குறைவு, முதுகில் சுமப்பவருக்கு அது பெரிய நன்மை. இதற்கு வழிவகுத்த ஆராய்ச்சிக்காக குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. முதுமையிலிருந்த குட்எனஃபின் சார்பில் நோபல் உரையை ஆற்றியவர் ஒரு தமிழர்: சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் ஆறுமுகம் மந்திரம். நம் நாட்டில் இத்துறைக்கென, அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது.

பெருமை அவ்வளவும் உண்மை. ஆயினும் மேற்சொன்ன சுற்றை லித்தியம் பாட்டரிக்கு ஒருபோதும் இணைக்கக்கூடாது. மூன்று அறை லித்தியம் தொகுப்பையும் கடைகளில் 12 வோல்ட்டு என்றே சொல்கிறார்கள். ஆனால் அதன் ஓர் அறைக்கு வரம்பு 4.2 வோல்ட்டு, மூன்றுக்கும் சேர்த்து 12.6. அதற்கு 13.8 கொடுத்தால் அறைக்கு 4.6 விழும், உள்ளிருக்கும் காப்புத் தகடு தடுக்கவில்லையென்றால் தீப்பற்றவும் கூடும். நான்கு அறை கொண்ட லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டுத் தொகுப்பும் 12 வோல்ட்டு என்றே விற்கிறது. அதற்கு நிறைமட்டம் 14.6. ஒரே பெயரில் மூன்று பொருள்கள், மூன்று வரம்புகள். லித்தியத்தில் பிழைக்கு இடம் ஓர் அறைக்கு 0.05 வோல்ட்டே. அன்றியும், நிறைந்தபின் அதை மெல்ல ஏற்றிக்கொண்டே இருக்கலாகாது. ஓட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் சுற்று தானே நிறுத்திவிட வேண்டும். அறைகள் ஏற்றத்தாழ்வின்றி நிறைகின்றனவா என்று தனித்தனியே பார்க்கும் காப்புத் தகடும் வேண்டும். 45 பாகைக்கு மேல் சூடானால் ஏற்றக்கூடாது. வெயிலில் தெளித்துவிட்டு வந்த கையோடு இணைக்காமல் ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிடுக.

ஒற்றை அறை லித்தியம் கொண்ட சிறு விளக்குகளுக்கு டி.பி.4056 என்னும் சில்லு இந்த வேலை அனைத்தையும் தானே செய்யும். 1,200-ஐ அதன் தடையின் ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2.4 கிலோ ஓம் வைத்தால் அரை ஆம்பியர். பல அறைத் தொகுப்புகளுக்கு, அத்தொகுப்புக்கென்றே செய்த சார்ஜரை வாங்குவதே நன்று. சங்கத்தில் செய்து பார்க்கும் பொருளன்று அது.

வாங்கும் சங்கங்கள் விலைப்புள்ளி கோரும்போதே பாட்டரியின் வகை, அறைகளின் எண்ணிக்கை, சார்ஜரின் நிறைமட்ட வோல்ட்டு ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். பொருள் வந்ததும் மீட்டரில் அளந்து இருப்புப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். மீட்டர் இல்லாத சங்கம் முதலில் மீட்டரை வாங்கட்டும். மாண்ட காரீயப் பாட்டரிகளைக் காயலான் கடைக்குப் போடாமல், புதிது வாங்கும் இடத்திலேயே திருப்பிக் கொடுத்து வரவு வைக்க வேண்டும்.

தெளிப்பான்கள் உறங்கும் மாதங்களில் பாட்டரியைக் காலியாக விட்டால் சல்பேட்டு இறுகி, பிறகு எந்தச் சுற்றாலும் கரையாது. மாதம் ஒரு முறை ஏற்றி, கழற்றிச் சில மணி நேரம் விட்டு அளந்தால், நல்ல காரீயப் பாட்டரி 12.7 அல்லது 12.8 காட்டும், 12-க்குக் கீழே நின்றால் ஐயப்படலாம். மேலே சொன்ன காரியதரிசி இதற்கென ஒரு நாற்பது பக்க நோட்டைப் போட்டு, ஒவ்வொரு பாட்டரிக்கும் எண் எழுதி ஒட்டி, மாத முதல் தேதியில் அளந்து பதிந்து வருகிறார். சென்ற முறை நாம் போனபோது, கேளாமலே அந்த நோட்டை நம் முன் விரித்து வைத்தார். நான்காம் எண்ணுக்கு நேரே 12.4 என்றிருந்தது; அதன்கீழ்ச் சிவப்பு மையில் கோடிட்டிருந்தார். மற்ற ஐந்தும் 12.8.